ரீசார்ஜ் போடுறதுக்கு முன்னாடி நாளால வகுத்துப் பாருங்க – வேலூர் பக்கத்துக் கேள்விகள், கடைக்காரர் பதில்கள்

வேலூரில் ரீசார்ஜ், சிம் கடை நடத்துறேன். கல்லாவுல நின்னுக்கிட்டுக் கேக்குற கேள்விங்கதான் இங்கயும் வந்திருக்கு. விலை எல்லாம் 2025 ஜனவரியை ஒட்டி வந்தது. பணம் கட்டுறதுக்கு முன்னாடி இன்னைக்கு என்ன விலைன்னு ஒரு வாட்டி பாத்துக்குங்க.

எங்க ஆயாகிட்ட பட்டன் போன். நெட்டே கிடையாது. மாசாமாசம் 199 போடச் சொல்றாங்க. வேற வழி இல்லையா? (குடியாத்தம், தறி வேலை)

இருக்கு. கடையில கேட்டாத்தான் சொல்லுவாங்க. நெட் வேணாம், பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் போதும்னு இருக்கிறவங்களுக்குத் தனி பேக் கட்டாயம் கொடுக்கணும்னு டிராய் (மொபைல் கம்பெனிங்களக் கண்காணிக்கிற அரசு ஆணையம்) 2024 டிசம்பர்ல உத்தரவு போட்டுச்சு. அடுத்த மாசமே கம்பெனிங்க விட்டாங்க. ஏர்டெல்ல 84 நாளுக்கு 469, வருஷம் முழுசுக்கு 1849. ஜியோவுல 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1748.

இப்ப வகுத்துப் பாருங்க. 199-ஐ 28 நாளால வகுத்தா நாளுக்கு 7 ரூபா 10 காசு. 1849-ஐ 365 நாளால வகுத்தா 5 ரூபா 7 காசு. ஆயாவுக்கு வருஷத்துல 700 ரூபாய்க்கு மேல மிச்சம். மொத்தமா 1849 கையில இல்லன்னா 84 நாள் பேக்கே போதும், அதுலயும் நாளுக்கு ஆறு ரூபா ஆகாது.

ஆப் திறந்ததும் முதல்ல கண்ணுல படுறது தினம் 2 ஜிபி பேக்தான். இந்தப் பேச்சு பேக்குங்க எங்கயோ கீழ கிடக்கும், தேடணும். கடைக்காரர் ‘அப்படி ஒண்ணும் இல்ல’ன்னா ‘வாய்ஸ் ஒன்லி’ன்னு பேரச் சொல்லிக் கேளுங்க. பழைய லைஃப்டைம் கார்டு மாதிரி சும்மாவே இன்கமிங் வருமான்னு கேட்டா, அந்தக் காலம் போச்சு. 2018 கடைசியிலயே மினிமம் ரீசார்ஜ் 35 ரூபான்னு ஆரம்பிச்சுட்டாங்க.

மாசம்னா 30 நாள்தானே? ஏன் 28? (சத்துவாச்சாரி)

28 நாள் பேக்னா வருஷத்துக்கு 13 தடவை போடணும். 12 மாசத்துக்கு 13 சம்பளம் யார் கொடுக்குறாங்க? இந்தப் புலம்பல் டிராய் காதுக்கும் போய், 2022 ஜனவரியில ஒரு திருத்தம் வந்துச்சு. ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் பேக் ஒண்ணாவது வெச்சிருக்கணும், மாசாமாசம் அதே தேதியில புதுப்பிக்கிற பேக் ஒண்ணாவது வெச்சிருக்கணும். சம்பளத் தேதி ஒட்டி ரீசார்ஜ் பண்றவங்களுக்கு அந்த ரெண்டாவது சௌகரியம். ஆனா விலையையும் நாளால வகுத்துப் பாத்துட்டுப் போடுங்க.

லாட்ஜ்ல வேலை பாக்குறேன். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வர்ற வங்காளம், ஜார்க்கண்ட் ஆளுங்க அவங்க ஊர் நம்பருக்கு இங்க ரீசார்ஜ் போடலாமான்னு கேக்குறாங்க. (பாபு ராவ் தெரு)

தாராளமா. ரோமிங்குக்குத் தனியாப் பணம் கிடையாது, அன்லிமிடெட் பேக் இங்கயும் அப்படியே வேலை செய்யும். போடும்போது சர்க்கிள் (நம்பர் எந்தப் பகுதியோடதுன்னு ஆப் கேக்குறது) மட்டும் கவனிங்க. தமிழ்நாடுன்னு தட்டிட்டா வேற பேக் பட்டியல் காட்டும். நம்பர் எந்த ஊரோ அந்த சர்க்கிள்தான். போர்ட் பண்ண (நம்பர மாத்தாம வேற கம்பெனிக்கு மாறின) நம்பரா இருந்தா ஆப் சில நேரம் பழைய கம்பெனியக் காட்டும், இப்ப எந்த சிம்முன்னு அவங்களையே கேட்டுட்டுப் போடுங்க.

கேக்காத ஒண்ணயும் சொல்லிடறேன். ஆபரேஷன் முடிய ரெண்டு மாசம் ஆகும், இங்கயே ஒரு சிம் வேணும்னு சொல்லுவாங்க. பாவம்னு உங்க ஆதார்ல எடுத்துக் கொடுக்காதீங்க. அந்த நம்பர்ல நாளைக்கு என்ன நடந்தாலும் போலீஸ் உங்க வீட்டுக்குத்தான் வரும். அவங்க ஆதார் இருந்தா அவங்க பேர்லயே இங்க எடுக்கலாம். உங்க பேர்ல எத்தனை சிம் ஓடுதுன்னு மத்திய அரசோட சஞ்சார் சாத்தி தளத்துல பாக்கலாம். ஒருத்தருக்கு 9 வரைதான். தெரியாத நம்பர் இருந்தா அங்கயே ‘இது என்னுது இல்ல’ன்னு புகார் கொடுங்க.

5ஜி போன், 5ஜி டவர், ஆனா அன்லிமிடெட் வரல. (காட்பாடி, மாணவி)

பேக் என்னன்னு பாருங்கம்மா. 2024 ஜூலையில விலை ஏத்துனப்ப ஜியோவும் ஏர்டெல்லும் அன்லிமிடெட் 5ஜி-ய தினம் 2 ஜிபி, அதுக்கு மேல உள்ள பேக்குக்கு மட்டும்னு ஆக்கிட்டாங்க. 1.5 ஜிபி போட்டிருப்பீங்க. ஹாஸ்டல்ல வைஃபை இருந்தா அதுவே ஜாஸ்தி.

வீட்டுக்காரர் சவுதியில. இந்திய நம்பருக்கு ரீசார்ஜ் போடல, மூணு மாசம் ஆகுது. நம்பர் போயிடுமா? (மேல்விஷாரம்)

சகோதரி, இத இன்னைக்கே கவனிங்க. தொடர்ந்து 90 நாள் அந்த நம்பர்ல கால், மெசேஜ், நெட் எதுவுமே இல்லன்னா கம்பெனி துண்டிக்கலாம். மெயின் பேலன்ஸ் 20 ரூபாய்க்குக் குறையாம இருந்தா அதை எடுத்துக்கிட்டு இன்னும் 30 நாள் விடணும். அதுவும் இல்லாமத் துண்டிச்சுட்டாக்கூட 15 நாள் அவகாசம் உண்டு, அதுக்குள்ள கேட்டா அதே நம்பரைத் திருப்பித் தரணும்.

அதையும் விட்டா நம்பர் கொஞ்ச நாள் சும்மா கிடந்துட்டு வேற யாருக்காவது போயிடும். அந்த நம்பர்ல பேங்க் கணக்கு, ஆதார், கேஸ் கனெக்‌ஷன் எல்லாம் இருக்குமே. ஓடிபி அந்தப் புது ஆளுக்குப் போகும். இங்க இருக்கிற போன்ல அந்த சிம்மப் போட்டு, வருஷ வாய்ஸ் பேக் ஒண்ணு ஏத்தி, மாசத்துல ஒரு கால் பண்ணிடுங்க. ஏற்கனவே போயிருந்தா பேங்குல முதல்ல நம்பர மாத்துங்க.

10 ரூபா டாப்-அப் போட்டா 7.47 தான் ஏறுது. கடைக்காரர் எடுத்துக்கிறாரா? (அணைக்கட்டு)

அவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. 18 சதவீதம் ஜிஎஸ்டி-யில 1 ரூபா 53 காசு போகுது, ஒரு ரூபா கம்பெனியோட பிராசஸிங் கட்டணம். மீதி 7.47. டாப்-அப் போட்டா வேலிடிட்டி ஏறாது, அத மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க.

பேலன்ஸ் தானாக் குறையுதுன்னும் கேட்டிருக்கீங்க. காலர் டியூன் மாதிரி ஏதோ ஒட்டிக்கிட்டிருக்கும். 155223-க்கு போன் போட்டு நிறுத்துங்க, காசு கிடையாது.

வேற கம்பெனிக்கு மாறணும். இருக்கிற பேக்ல 50 நாள் மிச்சம் இருக்கு. (பேர்ணாம்பட்டு)

அந்த 50 நாளும் போயிடும், பேலன்ஸும் போயிடும். அதனால பேக் முடியற வாரத்துல மாறுங்க. ஆங்கிலத்துல ‘போர்ட்’னு எழுதி, இடம் விட்டு, உங்க நம்பரப் போட்டு 1900-க்கு அனுப்பினா கம்பெனி மாறறதுக்கான கோடு (code) ஒண்ணு வரும். அது 4 நாள்தான் செல்லும். இப்ப இருக்கிற கம்பெனியில 90 நாளாவது இருந்திருக்கணும். சிம் தொலைஞ்சு புதுசா வாங்கியிருந்தா 7 நாளுக்குக் கோடு வராது, திருட்டு போர்ட்டிங்கத் தடுக்க 2024 ஜூலையில கொண்டு வந்த விதி.

மாறறதுக்கு முன்னாடி, அந்தக் கம்பெனி சிம் வெச்சிருக்கிற பக்கத்து வீட்டுக்காரர் போன உங்க வீட்டு உள்ரூமுக்கு வாங்கிட்டு வந்து ஒரு கால் போட்டுப் பாருங்க. விளம்பரத்துல இருக்கிற டவர் மலையடிவாரத்துல இருக்கணும்னு இல்ல.

ஆறு மாசம் இலவச ரீசார்ஜ்னு வாட்ஸ்அப்ல லிங்க் வந்துச்சு. (ஆற்காடு)

அழிச்சுடுங்க.

ஒரு நம்பர் தப்பாப் போயி யாருக்கோ 299 ஏறிடுச்சு. (கணியம்பாடி)

கஷ்டம்தான். அந்த நிமிஷமே ஆப்ல இருக்கிற உதவிக்கும், கம்பெனியோட 198-க்கும் சொல்லி டாக்கெட் நம்பர் (புகார் எண்) வாங்கிக்குங்க. பேக் ஓட ஆரம்பிச்சுட்டா பெரும்பாலும் திரும்பாது. அந்த நம்பர்க்காரரயே கூப்பிட்டுப் பேசறவங்களும் உண்டு. நல்ல ஆளா இருந்தா யுபிஐ-யில அனுப்பிடுவாரு. ஓடிபி, பின் எதையும் மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க.