பெட்டி கட்டினால் காய்ச்சல்

கேள்வி: எனக்கு வயது 58. மகள் புனேயில் இருக்கிறாள். டிக்கெட் போடும்போது ஆசையாகத்தான் இருக்கிறது. கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. ரயிலே ரத்தானால் தேவலை என்றுகூடத் தோன்றுகிறது. இது வியாதியா?
- ஒரு வாசகி, குரோம்பேட்டை

பதில்: வியாதி என்றால் எனக்கு 34 வருஷமாக இருக்கிறது. வங்கி வேலையில் ஒன்பது ஊர் மாறியவள் நான். பெட்டியைத் தூக்கிக் கூடத்தில் வைத்ததுமே பாதி மாவு இருக்கிற பாத்திரம், தொட்டியில் நிற்கிற கறிவேப்பிலைக் கன்று எல்லாம் என் முகத்தையே பார்க்கிற மாதிரி இருக்கும். கேஸை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து எத்தனை தடவை திரும்பி ஓடி வந்திருப்பேன்! இப்போது மூடின ரெகுலேட்டரைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டுதான் படி இறங்குகிறேன். எங்கள் வீட்டுக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

இதற்குத் தமிழில் பெயரே உண்டு: செலவழுங்கல். செலவு என்றால் அந்தக் காலத்தில் பயணம். (இப்போது காசு. ஏசி டிக்கெட் விலையைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.) சங்கப் பாட்டில் பொருள் தேடக் கிளம்பின தலைவன், தலைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிடுவான். நின்றதால் போகவே மாட்டான் என்று அர்த்தமில்லை, அவளைத் தேற்றிவிட்டுப் போகத்தான் நிற்கிறான் என்கிறது தொல்காப்பியம், கற்பியலில். நீங்கள் தேற்ற வேண்டியது வீட்டை. பாலை நிறுத்துவது, எதிர்வீட்டில் சாவி கொடுப்பது எல்லாம் இரண்டு நாள் முன்பே முடியட்டும். கடைசி நாளுக்கு ஒரு வேலையும் வைக்காதீர்கள்.

ரயில் முன்பதிவு முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்பே திறக்கும். 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். நம்மைப் போன்றவர்களின் தவிப்பைப் பாதியாக வெட்டிய உபகாரம் அது! எனக்குச் செங்கல்பட்டு தாண்டினால் சரியாகிவிடும். உங்களுக்கு அரக்கோணம் என்று நினைக்கிறேன். மூச்சு முட்டுகிறது, படபடக்கிறது, நாள்கணக்கில் தூக்கமில்லை என்றால் மட்டும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்றுவிட்டேன். போன ஜூலையில் குற்றாலம் போய் வந்ததிலிருந்து, அம்பத்தூர் ஃப்ளாட்டை விற்றுவிட்டுத் தென்காசிப் பக்கம் வீடு வாங்க ஆசை. மனைவி வேண்டாம் என்கிறாள்.
- ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: மேலகரத்தில் நாலு வருஷம் வாடகை வீட்டில் இருந்தேன். நீங்கள் பார்த்த சாரல் பொய்யில்லை. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே நுழைந்து தூவுகிற தூறல் அது. வெயிலும் கூடவே அடிக்கும். திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் விரித்தால் பத்து நிமிஷத்தில் அப்பளம் நமுத்த மாதிரி ஆகிவிடும். காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் காற்று ஆளையே தள்ளும்.

ஆனால் நீங்கள் பெண்ணைக் கல்யாணப் புடவையில் மட்டும் பார்த்திருக்கிறீர்கள். ஏப்ரலில் போனால் அருவி இருந்த இடத்தில் பாறைதான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் செம்மண் நிறத்தில் தண்ணீர் இடிந்து விழும், குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். சீசன் சனி, ஞாயிறில் எனக்குப் பால் வாங்க ரோட்டைக் கடப்பதே பெரும்பாடு. ஒரு சீசனில் வீட்டு ஓனர் மாடிப் போர்ஷனை நாள் வாடகைக்கு விட்டார். விடிய விடியத் தலைக்கு மேலே ஆட்டம், பாட்டு. காலையில் படியெல்லாம் எண்ணெய் வழுக்கும்.

அந்த ஊரில் எனக்குப் பிடித்தது அருவியே இல்லை. மழை விட்ட மறுநாள் காலையில் மலை பக்கத்தில் நகர்ந்து வந்து நிற்கும் பாருங்கள், அதற்காகவே அங்கே இருக்கலாம். மங்குஸ்தான் பழத்துக்காகவும்.

தென்காசி 2019இல் தனி மாவட்டம் ஆகிவிட்டதால், கலெக்டர் ஆபீஸ் வேலைக்குத் திருநெல்வேலி ஓட வேண்டாம். ஆனால் நெஞ்சுவலி என்றால் நாங்கள் ஓடியது அங்கேதான். சுமார் 55 கிலோமீட்டர். ராத்திரி பதினோரு மணிக்கு ஒருமுறை அந்த ரோட்டில் போய்ப் பாருங்கள்.

ஃப்ளாட்டை விற்காதீர்கள், வாடகைக்கு விடுங்கள். ஏப்ரலில் அங்கே ஒரு வாடகை வீட்டுக்குக் குடி போங்கள், பொங்கல் வரை இருங்கள். அதற்கு முன்னால் ஒன்று: உங்கள் மனைவி ஏன் வேண்டாம் என்கிறார் என்று நீங்கள் எழுதவே இல்லையே. கேட்டீர்களா?

கேள்வி: நிரந்தரமாகத் தங்க ஊட்டியா, குன்னூரா?
- ஒரு கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: குன்னூர். ஊட்டியைவிடச் சுமார் 400 மீட்டர் தாழ்வு, ஒரு கம்பளி மிச்சம். அங்கே இருந்த மூன்று வருஷத்தில் என் தோல் செருப்பு இரண்டு முறை பூஞ்சை பூத்தது. ரப்பர் செருப்போடு போங்கள் தம்பி.