லிம்மூட் போகலாமா? கேள்விகளும் பதில்களும்

இங்கிலாந்தில் டிசம்பர் கடைசி வாரம் நடக்கும் லிம்மூட் என்ற யூதக் கல்வி விழாவைப் பற்றிச் சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. பள்ளியில் சமயப் பாடம் எடுப்பவள் என்பதால் எனக்கு இதில் பழக்கம் உண்டு. தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, இது மதப் பிரசங்கக் கூட்டமா?

இல்லை. அமெரிக்காவில் யூத ஆசிரியர்கள் கூடும் மாநாட்டைப் பார்த்துவிட்டு, இங்கிலாந்திலும் அப்படி ஒன்று வேண்டும் என்று சிலர் 1980-ல் தொடங்கியது. முதல் வருடம் வந்தவர்கள் ஏறக்குறைய 80 பேர். பிற்பாடு 2,000-ஐத் தாண்டிய ஆண்டுகள் உண்டு. நடத்துவது தன்னார்வலர்கள். பேசுகிறவர்களுக்குப் பணம் கிடையாது. காலையில் வகுப்பு எடுத்தவர் மாலையில் உங்கள் பக்கத்து நாற்காலியில் மாணவராக உட்கார்ந்திருப்பார். கழுத்து அட்டையில் பெயர் மட்டும்தான். ரபி (யூத மத குரு), பேராசிரியர் என்ற பட்டமெல்லாம் போடுவதில்லை. (நம் மேடைகளில் பட்டங்களை வாசித்து முடிக்கவே கால் மணி நேரம் ஆகும்!)

நாங்கள் யூதர் இல்லை. மதம் மாறச் சொல்வார்களா?

தாராளமாகப் போகலாம். யூத மதத்தில் ஆள் சேர்க்கும் வழக்கம் இல்லை. தானாக மாற வருபவரையே ரபி மூன்று முறை திருப்பி அனுப்ப வேண்டும் என்பது பழைய மரபு.

ஹீப்ரு தெரியாது. தால்முத் வகுப்பு புரியுமா?

புரியும். தால்முத் என்பது யூத அறிஞர்களின் பழைய விவாதங்களைத் தொகுத்த நூல். பல வகுப்புகளில் மூலத்தையும் ஆங்கிலத்தையும் ஒரே தாளில் தந்துவிடுவார்கள். இருவர் இருவராக உட்கார்ந்து, சத்தமாகப் படித்து, வாதாட வேண்டும். இதற்கு ஹெவ்ருதா என்று பெயர். வாயை மூடிக்கொண்டு இருந்தால்தான் தப்பாக நினைப்பார்கள்.

ஓர் உதாரணம். ஹனுக்கா எட்டு நாள் விளக்குத் திருநாள், பெரும்பாலும் டிசம்பரில் வரும். முதல் நாள் எட்டு விளக்கு ஏற்றி, தினம் ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும் என்றது ஷம்மாய் என்ற பழங்கால யூத அறிஞரின் குழு. ஒன்றில் தொடங்கி எட்டுக்கு ஏற வேண்டும் என்றது அவர் காலத்து இன்னொரு அறிஞரான ஹில்லலின் குழு: புனிதமான காரியத்தில் ஏறலாம், இறங்கக் கூடாது. இன்று எல்லா வீட்டிலும் நடப்பது ஹில்லல் சொன்னதுதான். ஆனாலும் தோற்ற கட்சியின் வாதத்தைத் தால்முத் அழிக்கவில்லை, காரணத்தோடு பக்கத்திலேயே வைத்திருக்கிறது. ‘ஷம்மாய் சொன்னதிலும் நியாயம் இருக்கிறதே’ என்று நீங்கள் இழுத்தால் அங்கே யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இதற்காகவே போகலாம் என்பேன்.

நான் சுத்த சைவம். சாப்பாடு?

கோஷர் சமையல், அதாவது இறைச்சியும் பாலும் கலக்கவே கலக்காது. ஆனால் ஒரு எச்சரிக்கை: ‘பார்வே’ என்று எழுதியிருந்தால் இறைச்சியும் பாலும் இல்லை என்றுதான் பொருள். முட்டையும் மீனும் பார்வேதான்! கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

நடுவில் சபாத் வந்தால்?

சபாத் என்பது யூதர்களின் வார ஓய்வு நாள். வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு வரை மரபு வழுவாதவர்கள் எழுத மாட்டார்கள், போனைத் தொட மாட்டார்கள். பொது இடத்தில் நீங்களும் போனையும் பேனாவையும் பையில் போட்டுவிடுங்கள்.

ஆர்த்தடாக்ஸ் ரபிகள் இதை எதிர்க்கிறார்களாமே?

மரபை இறுக்கமாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் ரபிகளில் சிலர் எதிர்த்தார்கள். சீர்திருத்தப் பிரிவு ரபிகளோடு ஒரே மேடையில் நின்றால் அவர்களையும் ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்பது எதிர்த்தவர்களின் கவலை. அந்த எதிர்ப்பையும் மீறி 2013-ல் பிரிட்டன் ஆர்த்தடாக்ஸ் யூதர்களின் தலைமை ரபி எஃப்ரயிம் மிர்விஸ் போனார். பதவியில் இருக்கும்போது போன முதல் தலைமை ரபி அவர்தான். எனக்கென்னவோ, வாதத்தையே வழியாகக் கொண்ட மரபில் இந்தச் சண்டையும் பொருத்தமாகத்தான் படுகிறது.

எந்த வகுப்புக்குப் போவது?

ஒரே நேரத்தில் ஏகப்பட்டது நடக்கும், தலை சுற்றும். நாளுக்கு மூன்று போதும். அதில் ஒன்றாவது இருவராக உட்கார்ந்து படிக்கும் வகுப்பாக இருக்கட்டும். அப்புறம் சமையல், பாட்டு, அரசியல் எதுவானாலும் உங்கள் விருப்பம்.