பையன் பாக்ஸிங் என்கிறான். முதலில் கோச்சைப் போய்ப் பாருங்கள்

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. பதினொன்றாம் வகுப்புப் பையன் மாவட்டப் போட்டியில் மெடல் வாங்கிய கையோடு, இனி படிப்பு வேண்டாம், பாக்ஸிங்தான் என்று நிற்கிறான். அறைச் சுவரில் அமெரிக்க பாக்ஸர் மைக் டைசன் படம். "டைசன் மாதிரி ஆடி அழிந்துவிடுவானோ" என்று பயப்படுகிறீர்கள். தம்பி டைசன் கதையின் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டான். நீங்கள் கடைசிப் பாதியை மட்டும் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் நடந்ததைத்தான் பெற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நியூயார்க்கின் பிரவுன்ஸ்வில் பகுதியில் திருட்டு, அடிதடி என்று வளர்ந்து, சீர்திருத்தப் பள்ளிக்குப் போன பையன் டைசன். அங்கே வேலை பார்த்த ஒரு முன்னாள் குத்துச்சண்டை வீரர், கஸ் டமாட்டோ என்ற வயதான கோச்சிடம் அவரை அழைத்துப் போனார். டமாட்டோ பயிற்சி கொடுத்ததோடு நிற்கவில்லை. கேட்ஸ்கில் என்ற ஊரில் தன் வீட்டிலேயே தங்கவைத்தார். தாய் இறந்த பிறகு சட்டப்படி பாதுகாவலரும் ஆனார். 1986 நவம்பரில் ட்ரெவர் பெர்பிக்கை இரண்டாவது ரவுண்டிலேயே சாய்த்து, 20 வயதில் டைசன் உலக ஹெவிவெயிட் சாம்பியன். அந்த இளம் வயதுச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. ஆனால் அதைப் பார்க்க டமாட்டோ இல்லை. முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். 1988 மார்ச்சில் மேனேஜர் ஜிம் ஜேக்கப்ஸ் இறந்தார். ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை டைசன் 91 விநாடியில் வீழ்த்தினார். ஊரே கொண்டாடிய அதே ஆண்டின் முடிவில், டமாட்டோவிடம் பாடம் படித்த கோச் கெவின் ரூனியை வேலையை விட்டு அனுப்பினார். போட்டிகளை ஏற்பாடு செய்யும் புரமோட்டர் டான் கிங் நெருக்கமானார். வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஆள் ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லை.

1990 பிப்ரவரி 11, டோக்கியோ. எதிரே பஸ்டர் டக்ளஸ். அவர் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்ட ஆளே இல்லை; ஒன்றுக்கு 42 கொடுக்கிறோம் என்றார்கள். நடு ரவுண்டுகளில் டைசனின் இடது கண் வீங்கி மூட ஆரம்பித்தது. வீக்கத்தை அமுக்கச் சில்லென்ற சின்ன இரும்பு ஒன்று எந்த கார்னரிலும், அதாவது ரிங் மூலையில் வீரருக்கு உதவ நிற்கும் ஆட்களிடம், இருக்கும். உலக சாம்பியனின் கார்னரில் அது இல்லை! ரப்பர் கையுறையில் குளிர்ந்த நீரை நிரப்பிக் கண்ணில் வைத்து ஒத்திக்கொண்டிருந்தார்கள். பத்தாவது ரவுண்டில் டைசன் விழுந்தார். தரையில் கிடந்த மவுத்கார்டைத் தடவி எடுத்து அரைகுறையாகக் கவ்வியபடி எழுந்தார். நடுவர் ஆட்டத்தை முடித்துவிட்டார்.

1992ல் பாலியல் வன்முறை வழக்கில் சிறை. அதற்குக் கார்னரைக் குறை சொல்ல முடியாது, அது அவர் செய்த குற்றம். 1997ல் ரிங்கில் எதிராளி ஹோலிஃபீல்டின் காதைக் கடித்து பாக்ஸிங் லைசென்ஸ் போனது. 30 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தவர் 2003ல் 2.3 கோடி டாலர் கடனோடு திவால் மனு போட்டார். டான் கிங்கிடம் 10 கோடி கேட்டு வழக்குப் போட்டு, 1.4 கோடிக்குச் சமரசமானார்.

சரி, தம்பி விஷயத்துக்கு வருவோம். அவனிடம் திறமை இருக்கிறதா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. மாவட்ட மெடலை வைத்து யாராலும் சொல்ல முடியாது. அவன் பக்கத்தில் நிற்பவர் யார் என்பதை நீங்களே போய்ப் பார்க்கலாம். ஒரு மாலை பயிற்சிக் கூடத்தில் போய் உட்காருங்கள். தலையில் பலமாக அடிபட்ட பையனை கோச் டாக்டரிடம் அனுப்புகிறாரா, மறுநாளே ரிங்கில் ஏற்றுகிறாரா? போட்டிக்கு முன் எடை குறைக்க பையன்களைத் தண்ணீர் குடிக்காமல் இருக்கச் சொல்கிறாரா? அப்படியென்றால் யோசிக்காமல் வேறு கோச்சைத் தேடுங்கள். ஸ்பான்சர், ஒப்பந்தம் என்று எந்தக் காகிதம் வந்தாலும் வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்து வேண்டாம்.

பிளஸ் டூவை நிறுத்தவே கூடாது. ரயில்வே, ராணுவம், காவல்துறை எல்லாம் விளையாட்டு ஒதுக்கீட்டில் வீரர்களை எடுக்கின்றன. நம் ஊர் பாக்ஸருக்கு நிலையான சம்பளம் பெரும்பாலும் அங்கிருந்துதான். மெடலோடு படிப்புச் சான்றிதழையும் கேட்பார்கள். பின்னாளில் கோச் ஆக விரும்பினால் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் டிப்ளமோ இருக்கிறது, அதற்கும் படிப்பு வேண்டும். இதை நீங்கள் சொன்னால் அவன் கேட்க மாட்டான். கோச்சையே சொல்லச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. தேர்வு நேரத்தில் இரண்டு வாரம் காலைப் பயிற்சி மட்டும் போதுமா என்று அவரிடம் கேளுங்கள். "படிக்கட்டும்மா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் பையனை தைரியமாக அவரிடம் விடலாம். முகம் சுளித்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், வேறு வழி பார்ப்போம்.