'ஹியர்' என்று முடிப்பதா, 'ஹியரிங்' என்று முடிப்பதா?

கேள்வி: பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் எங்கள் மகளிர் குழுவுக்காக, பாய் வாங்குவோருக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுகிறேன். 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்டு டு ஹியர் ஃப்ரம் யூ' என்று முடிப்பது வழக்கம். பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும் என் தம்பி, 'ஹியரிங்' என்றுதான் எழுத வேண்டும் என்கிறான். 'டு' வந்தால் வினைச்சொல்லின் முதல் வடிவம்தானே வர வேண்டும்? எது சரி, ஐயா?

பதில்: தம்பி சொல்வதே சரி. ஆனால் உங்கள் ஐயம் நியாயமானது. 'வான்ட் டு கோ', 'ஹோப் டு சீ' என்று படித்த எவருக்கும் 'டு ஹியர்' என்றுதான் கை போகும்.

ஆங்கிலத்தில் 'டு' இரண்டு வேலை பார்க்கிறது. 'வான்ட் டு கோ'வில் அது வினைச்சொல்லைச் சேர்ந்தது. 'பஸ் டு தென்காசி' என்னும்போது அது நம் வேற்றுமை உருபைப் போன்றது. அதன் பின்னால் பெயர்ச்சொல்தான் நிற்கும். 'லுக் ஃபார்வர்டு டு'வில் இருப்பது இந்த இரண்டாவது 'டு'. ஆகவே அங்கே வினையை வைக்க வேண்டுமானால், 'இங்' சேர்த்துப் பெயராக்கித்தான் வைக்க முடியும்.

எந்த 'டு' என்று தெரியாவிட்டால், பின்னால் ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை எண்ணி, 'லுக்கிங் ஃபார்வர்டு டு தி கார் ஃபெஸ்டிவல்' என்று எழுதலாம். 'ஹோப் டு தி கார் ஃபெஸ்டிவல்' என்று எழுத முடியாது. பெயர் பொருந்தும் இடத்தில் 'இங்' வரும்.

இதற்கு உங்கள் தமிழ்க் காதும் ஓரளவு துணை செய்யும். 'கேட்க விரும்புகிறேன்' என்கிறோம். 'கேட்க எதிர்நோக்குகிறேன்' என்பதில்லை, 'கேட்பதை எதிர்நோக்குகிறேன்' என்கிறோம். இந்தக் 'கேட்பது' என்ற தொழிற்பெயர்தான் ஆங்கிலத்தில் 'ஹியரிங்'. 'அப்ஜெக்ட் டு' என்பதும் இப்படியே: 'போவதை எதிர்க்கிறேன்' என்போம், ஆகவே 'அப்ஜெக்ட் டு கோயிங்'. 'யூஸ்டு டு' மட்டும் தனி வழக்கு. 'ஐ யூஸ்டு டு வீவ்' என்றால் முன்பு நெய்துவந்தேன் என்று பொருள். 'ஐ ஆம் யூஸ்டு டு வீவிங்' என்றால் நெய்து பழகியவள் என்று பொருள். வாங்குபவருக்கு எழுதும்போது இதில் தவறினால், தொழிலையே விட்டுவிட்டதாக அவர் நினைத்துவிடுவார்.

முதல்முறை எழுதும் கடிதத்துக்கு 'ஐ லுக் ஃபார்வர்டு டு' என்பது மரியாதையாக இருக்கும். பழகியவர்களுக்கு 'ஐ ஆம் லுக்கிங்' போதும். அது சற்று நெருக்கமான தொனி. இரண்டிலும் வாக்கியம் முடிந்ததும் முற்றுப்புள்ளி வையுங்கள். பலர் காற்புள்ளி வைப்பதற்குக் காரணம் உண்டு. பழைய கடிதங்களில் 'லுக்கிங் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யூ, ஐ ரிமைன், யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்று ஒரே வாக்கியமாக ஓடும். நடுவில் இருந்த 'ஐ ரிமைன்' வழக்கொழிந்துவிட்டது. 'தேங்கிங் யூ' என்று தனியே நிற்பதும் அந்தக் கடிதங்களின் மிச்சமே. 'தேங்க் யூ' என்று நேராக எழுதுவதே நல்லது.

பதில் தேவைப்படாத கடிதத்தில் இந்தத் தொடரை எழுதவே வேண்டாம். தேவைப்பட்டால், எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மணமக்கள் பெயர் போட்டு நெய்யும் கல்யாணப் பாய்க்கு ஆர்டர் வந்திருந்தால் இப்படி எழுதலாம்: 'ஐ லுக் ஃபார்வர்டு டு ரிசீவிங் தி நேம்ஸ் ஆஃப் தி கபுள் பை ஃப்ரைடே.'