ஐபி நம்பர் எங்கே இருக்கு? கேட்டவர்களுக்குப் பதில்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கும் சுற்றுவட்டாரத் தறிக்கூடங்களுக்கும் கேபிள் இழுத்து, நெட்வொர்க் சுவிட்ச் மாட்டி, கேமரா பொருத்திப் பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. ஐபி நம்பர், அதாவது நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண், அது சம்பந்தமாக மட்டும் கேளுங்கள் என்றுதான் சொன்னேன். லேப்டாப் எது வாங்கலாம் என்றும் வந்திருக்கிறது. வந்த வரிசையிலேயே பதில் போடுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் சின்ன ரீசெட் ஓட்டையில் ஊக்கை விட்டுக் குத்தாதீர்கள்.

சோமனூர், தறிக்கூடம்: கணக்கு சாஃப்ட்வேர் சர்வீஸ்காரர் ஃபோனில் "சிஸ்டம் ஐபி சொல்லுங்க" என்கிறார். எங்கே பார்ப்பதுங்க?

விண்டோஸ் என்றே வைத்துக்கொள்கிறேன். கீபோர்டில் விண்டோஸ் படம் போட்ட பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். மூலையில் சின்னப் பெட்டி வரும். அதில் சிஎம்டி என்று மூன்று ஆங்கில எழுத்தை அடித்து என்டர் தட்டினால் கறுப்புத் திரை திறக்கும். அங்கே ஐபிகான்ஃபிக் என்று நடுவில் இடம் விடாமல் அடிக்க வேண்டும்: ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி. திரை முழுக்க வரிகள் ஓடும், பயப்பட வேண்டாம். இந்தக் கட்டளை எதையும் மாற்றாது, இருப்பதைக் காட்டும், அவ்வளவுதான். "ஐபிவி4 அட்ரஸ்" என்ற வரிக்கு நேரே 192.168.1.14 என்பது போல, புள்ளி வைத்துப் பிரித்த நாலு எண் இருக்கும். சர்வீஸ்காரர் கேட்பது அதைத்தான். கீழே "டிஃபால்ட் கேட்வே" என்று இருப்பது ரவுட்டரின் எண். பாதிப் பேர் அதைப் படித்துச் சொல்லிவிட்டு "கனெக்ட் ஆகலை" என்பார்கள்.

நீங்கள் கூப்பிட்ட சர்வீஸ்காரருக்குத் தாராளமாகச் சொல்லலாம். தானாகக் கூப்பிட்டு, "உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ், இந்த ஆப்பைப் போடுங்க" என்பவனிடம் ஒன்றும் பேசாமல் ஃபோனை வையுங்கள்.

கோபி, ஜவுளிக் கடை: கூகுளில் "என் ஐபி என்ன" என்று தேடினால் ஒரு எண், கம்ப்யூட்டரில் பார்த்தால் வேறு எண். எது நிஜம்?

இரண்டுமே நிஜம். நல்ல கேள்வி, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

எங்கள் ஊர் லைன் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக எட்டு வீடு. உள்ளே ஒன்று, இரண்டு, மூன்று என்று கதவில் எழுதியிருக்கும். வெளியே தபால்காரருக்குத் தெரிந்தது காம்பவுண்டின் ஒரே கதவு எண்தான். கடிதம் வந்தால் வாசல் வீட்டுக்காரம்மா வாங்கி, "இது மூணாம் வீட்டுக்கு" என்று கொடுத்துவிடுவார். உங்கள் ரவுட்டர்தான் அந்த அம்மா. 192.168 என்று தொடங்குவது லைனுக்குள் இருக்கும் வீட்டு எண். கூகுள் காட்டுவது காம்பவுண்டு எண்.

பக்கத்துத் தெருக் காம்பவுண்டிலும் மூணாம் வீடு இருக்கும் இல்லையா? அதே மாதிரி 192.168.1.14 உங்கள் கடையிலும் இருக்கும், எதிர்க் கடையிலும் இருக்கும். இப்படி உள்ளே மட்டும் புழங்குவதற்கென்று மூன்று வரிசைகளை ஒதுக்கி 1996-இல் விதி எழுதினார்கள்: 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, அப்புறம் 192.168. நாலு எண் முகவரியில் மொத்தமே சுமார் 429 கோடிதான் உண்டு. உலகத்தில் இருக்கும் ஃபோனுக்கும் டிவிக்கும் ஆளுக்கொன்று கொடுக்க அது பற்றாது. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்தேவிட்டது.

தட்டுப்பாட்டைச் சமாளிக்க இன்று நெட் கம்பெனிகள் ஒரு தெருவுக்கே ஒரே வெளி எண்ணைக் கொடுக்கின்றன. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து "வான்" (WAN, வெளி இணைப்பு) என்ற இடத்தில் பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் எண் இருந்தால் நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறீர்கள். காம்பவுண்டுக்கு வெளியே இன்னொரு காம்பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரோடு, கல்லூரி மாணவி: உபுண்டுவில் எப்படி அண்ணா?

உபுண்டு என்ற லினக்ஸ் சிஸ்டத்தில் கட்டளை அடிக்கும் திரைக்கு டெர்மினல் என்று பெயர். அதில் ஐபி என்று அடித்து, ஓர் இடம் விட்டு ஏ. "ஐநெட்" வரியில் இருக்கும். 127.0.0.1 என்பதை விட்டுவிடும்மா, அது கம்ப்யூட்டர் தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்ளும் எண்.

பல்லடம், கோழிப்பண்ணை: பண்ணையில் எட்டு கேமரா. கோயமுத்தூர் வீட்டிலிருந்து பார்க்க டிவிஆரின் (கேமரா படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) ஐபியை வெளியே திறந்துவிடச் சொல்கிறார் ஒருவர். எப்படித் திறப்பது?

திறக்காதீர்கள். எப்படித் திறப்பது என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

2016-இல் மிராய் என்றொரு வைரஸ் கிளம்பியது. கம்ப்யூட்டரைத் தேடிப் போகவில்லை. டிவிஆர், கேமரா, ரவுட்டர் இவைதான் அதன் தீனி. பெட்டி வாங்கியபோது இருந்த அதே பாஸ்வேர்டை யாரெல்லாம் மாற்றாமல் வைத்திருந்தார்களோ, அவர்களில் ஏகப்பட்ட பேர் பெட்டிகளில் புகுந்து, எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிய பெரிய இணையதளங்களையே முடக்கியது. சொந்தக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது, கேமரா பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் ஒரு டிவிஆரை வெளியே திறந்து வைத்தால், கதவைத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் சீக்கிரமே வந்து சேரும்.

முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பண்ணைப் பெயரும் 123-உம் பாஸ்வேர்டு ஆகாது. அப்புறம் டிவிஆர் கம்பெனியின் ஆப் வழியாகப் பாருங்கள், அதற்கு எதையும் திறக்கத் தேவையில்லை. அதிலும் திருப்தி இல்லையென்றால் விபிஎன் (வெளியிலிருந்து உள் நெட்வொர்க்குக்குப் பூட்டிய தனி வழி) போடத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று ரவுட்டர் ஓட்டையில் ஊக்கை விட்டுவிடாதீர்கள். நெட் கம்பெனி போட்டுக்கொடுத்த யூசர்நேம் முதற்கொண்டு அழிந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை யார் வந்து திரும்பப் போடுவார்கள்?

அவிநாசி: என் சிஸ்டம் ஐபி எப்படிப் பார்ப்பது?

சோமனூர்க்காரருக்குச் சொன்னதேதான்.

திருப்பூர், எக்ஸ்போர்ட் ஆபீஸ்: பிரின்டர் வாரத்துக்கு ஒருதரம் "ஆஃப்லைன்" ஆகிவிடுகிறது. அணைத்துப் போட்டால் சில சமயம் வருகிறது.

பிரின்டர் கெடவில்லை, அதன் எண் மாறியிருக்கிறது. ரவுட்டர் எண்களைச் சொந்தமாகக் கொடுப்பதில்லை, வாடகைக்குத்தான் விடுகிறது. கரண்ட் போய் வந்தாலோ, பிரின்டர் ரெண்டு நாள் அணைந்து கிடந்தாலோ வேறு வீட்டில் குடிவைத்துவிடும். கம்ப்யூட்டரோ பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். பிரின்டரின் மெனுவில் நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்செடுங்கள், இப்போதைய எண் அதில் இருக்கும். அதே தாளில் மேக் அட்ரஸ் என்று பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் இருக்கும். அது கருவியோடு பிறந்த எண். ரவுட்டருக்குள் போய், "இந்த மேக் வந்தால் எப்போதும் இந்த ஐபி" என்று ஒதுக்கிவிடுங்கள். ரிசர்வேஷன் என்று இருக்கும்.

பொள்ளாச்சி, நார் மில் எலெக்ட்ரீஷியன்: தம்பி, இதெல்லாம் சுத்துவழி. பிரின்டரிலேயே கையால் ஐபியைப் போட்டுவிட்டால் ஜென்மத்துக்கும் மாறாது. இருபது வருஷமா அப்படித்தான் போடுறேன்.

அண்ணா, கையால் போட்டதால் ஒரு மத்தியானம் முழுக்க நான் நாய் படாத பாடு பட்ட கதையைச் சொல்கிறேன்.

ஒரு பனியன் கம்பெனி, சரக்கு ஏற்றும் நாள். பேக்கிங்கில் பார்கோடு ஸ்டிக்கர் அடிக்கும் பிரின்டர் நின்றுவிட்டது. அட்டைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருக்க, ஸ்டிக்கர் இல்லாமல் ஒரு பெட்டியும் நகராது. லாரி டிரைவர் வாசலில் டீ குடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். பிரின்டருக்கு யாரோ 192.168.1.25 என்று கையால் போட்டிருந்தார்கள். நான் என் லேப்டாப்பிலிருந்து 25-க்குப் பிங் அடித்தேன், அதாவது அந்த எண்ணில் கருவி இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தேன். ஒழுங்காகப் பதில் வருகிறது. கேபிள் நல்லது, சுவிட்ச் நல்லது, ஸ்டிக்கர் மட்டும் வரவில்லை. கடைசியில் சலிப்பில் பிரின்டரின் கேபிளையே பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்க்கிறேன், பிங்குக்கு இன்னும் பதில் வந்துகொண்டிருக்கிறது!

பிடுங்கிய பிரின்டர் எப்படிப் பேசும்? வேறு யாரோ அந்த எண்ணில் உட்கார்ந்திருக்கிறார்கள். ரவுட்டர் பட்டியலைத் திறந்தால், சரக்கைச் சோதிக்க வந்த பையர் (சரக்கு வாங்கும் கம்பெனி) ஆளின் ஃபோன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிரின்டரை அணைத்திருக்கிறார்கள். 25 காலி என்று நினைத்த ரவுட்டர் அந்த ஃபோனுக்குக் கொடுத்துவிட்டது. பிரின்டரில் நீங்கள் கையால் போட்டது ரவுட்டருக்கு எப்படி அண்ணா தெரியும்?

பொள்ளாச்சி, அதே எலெக்ட்ரீஷியன்: ரவுட்டர் கொடுக்கிற வரிசைக்குள்ளேயே போட்டால் அப்படித்தான் ஆகும். வெளியே போடணும். அது தெரியாதவன் பண்ணினதுக்கு முறையைக் குத்தம் சொல்லாதே. உன் ரிசர்வேஷன் கதையைக் கேள்: போன கோடையில் இடி விழுந்து ரவுட்டர் கருகிடுச்சு. புது ரவுட்டர் போட்டோம். நான் கையால் போட்ட பதினாலு மெஷினும் மறுநிமிஷம் ஓடுச்சு. பக்கத்து மில்லில் உன்னை மாதிரி ஒருத்தர் ரிசர்வேஷன் போட்டிருந்தார். எல்லாம் கருகின பெட்டியோடவே போச்சு. ரெண்டு நாள் ஒவ்வொரு மெஷினா மேக் எழுதிக்கிட்டிருந்தாங்க.

சரிண்ணா, இது நியாயமான அடி. ரவுட்டரின் அமைப்பைக் கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று வாய் வரை வந்தது. வேறு மாடல் ரவுட்டர் அந்தக் கோப்பைப் பெரும்பாலும் ஏற்காது, அதனால் விட்டுவிட்டேன்.

சூலூர்: எனக்கு 169.254 என்று ஏதோ வருகிறது, நெட் இல்லை.

யாரும் எண் கொடுக்காததால் கம்ப்யூட்டர் தானே வைத்துக்கொண்ட எண் அது. கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், ரவுட்டர் ஓடுகிறதா பாருங்கள். ஓட்டையைத் தொட வேண்டாம்.

கரூர்: கேமில் ஒருவன் "உன் ஐபி என்கிட்ட இருக்கு, வீடு தேடி வருவேன்" என்கிறான். முடியுமா?

ஐபியை வைத்து அவனால் அதிகபட்சம் ஊரையும் நெட் கம்பெனியையும் ஊகிக்கலாம், அதுவும் பல சமயம் தப்பாக. கரூரில் உட்கார்ந்திருப்பவரைச் சென்னை என்று காட்டும். எந்த நேரத்தில் எந்த வீட்டுக்கு அந்த எண் போனது என்ற பதிவு நெட் கம்பெனியிடம் இருக்கும். போலீஸ் முறையாகக் கேட்டால் அவர்களுக்குக் கிடைக்கும், கேம் விளையாடும் பையனுக்குக் கிடைக்காது. மிரட்டல் நிற்கவில்லையென்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து சைபர் கிரைமில் புகார் கொடுங்கள். 1930 என்ற எண் முக்கியமாகப் பண மோசடிக்கு, இதற்கு cybercrime.gov.in தளம் இருக்கிறது.

மேட்டுப்பாளையம்: மனைவி ஃபோனின் ஐபியை வைத்து எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்க முடியுமா?

அவர்களையே கேளுங்கள்.

நாமக்கல்: நாற்பதாயிரத்துக்குள் நல்ல லேப்டாப்?

நான் கேபிள்காரன்.

காங்கயம்: ஃபோனில் ஐபி எங்கே? ஒவ்வொரு முறையும் ரவுட்டரில் என் ஃபோன் புது ஆள் மாதிரி தெரிகிறதே?

வைஃபை செட்டிங்ஸில் இணைந்திருக்கும் பெயருக்குப் பக்கத்தில் பல்சக்கரமோ, ஐஃபோனில் வட்டத்துக்குள் ஐ எழுத்தோ இருக்கும். அதைத் தொட்டால் தெரியும். புது ஆள் விஷயம்: ஆண்ட்ராய்டு 10-இலிருந்தும் ஐஓஎஸ் 14-இலிருந்தும் ஃபோன்கள் தன் பிறவி மேக் எண்ணை மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக்கைக் காட்டுகின்றன. கடைக்குக் கடை உங்களைப் பின்தொடராமல் இருக்க. வீட்டு வைஃபைக்கு மட்டும் அதை அணைத்துக்கொள்ளலாம்.

பொள்ளாச்சி, எலெக்ட்ரீஷியன்: பார்த்தியா? மேக்கே பொய் சொல்லுது. அதை நம்பியா ரிசர்வேஷன்?

பிரின்டர் பொய் சொல்லாது அண்ணா, ஃபோன்தான் சொல்லும். சரி, சண்டை போதும். நேற்று ராத்திரி யோசித்தேன். இனி நான் செய்யப்போவது இதுதான்: ரவுட்டர் வாடகைக்கு விடும் வரிசையை, ஐபியின் கடைசி எண் 100 முதல் 200 வரை என்று குறுக்கிவிடுவேன். ஃபோன், லேப்டாப், விருந்தாளி எல்லோரும் அதற்குள். இடம்விட்டு நகராத பிரின்டர், டிவிஆர், வருகைப் பதிவுப் பெட்டி, எம்ப்ராய்டரி மெஷின் இவற்றுக்கு 10 முதல் 50 வரை, கையால், உங்கள் முறைப்படி. எந்த எண் எந்தக் கருவிக்கு என்று சுவிட்ச் பெட்டிக் கதவின் உள்பக்கம் தாள் ஒட்டிவிடுவேன்.

பொள்ளாச்சி, எலெக்ட்ரீஷியன்: தாளைக் கரையான் தின்னும். எங்க மில்லில் பெயின்ட்டால் எழுதி வெச்சிருக்கேன்.

பெருந்துறை: ஐபி அட்ரஸ் பார்ப்பது எப்படி என்று விளக்கமாகச் சொல்ல முடியுமா?

முதல் பதில். மேலே. தயவுசெய்து.

சோமனூர், தறிக்கூடம்: நீங்கள் சொன்னபடி அடித்தேனுங்க. ஐபிவி4 என்று மூன்று இடத்தில் மூன்று எண் வருது. எதைச் சொல்ல?

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், தப்பு என்னுடையது. கேபிளுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று, விபிஎன் மாதிரி ஏதாவது சாஃப்ட்வேர் போட்டிருந்தால் அதற்கு ஒன்று என்று தனித்தனிப் பகுதியாக வரும். ஒவ்வொரு பகுதியிலும் கடைசியில் "டிஃபால்ட் கேட்வே" வரி இருக்கும். எதில் அந்த வரி காலியாக இல்லாமல் எண்ணோடு இருக்கிறதோ, அந்தப் பகுதியின் ஐபிவி4-ஐச் சொல்லுங்கள். சர்வீஸ்காரர் இன்னும் லைனில் இருந்தால்.