வாசகர் கேள்வி – பதில்: ஏலத்தில் மிஞ்சிய பணம் யாருக்கு?

கேள்வி: திருமணத்துக்குப் பின் நாங்கள் விலைக்கு வாங்கிய உறுதிக் காணியில் என் கணவர் அரிசி ஆலை நடத்தி வந்தார். காணியையும் ஆலையையும் ஈடு வைத்து வங்கியொன்றில் 90 இலட்சம் ரூபா கடன் எடுத்திருந்தார். தவணை கட்ட இயலாமற் போகவே வங்கி அவற்றைப் பகிரங்க ஏலத்தில் 1 கோடியே 60 இலட்சம் ரூபாவுக்கு விற்றது. வட்டியுடன் கடன் 1 கோடியே 18 இலட்சம் என்று வங்கியின் கடிதத்தில் உள்ளது. ஏலம் முடிந்து இரண்டாம் மாதம் கணவர் மாரடைப்பால் காலமானார். மிச்சப் பணத்தைக் கேட்டால், கணக்குக்காரர் இறந்துவிட்டதால் என்னிடம் தர முடியாது என்கிறார்கள். இதற்கிடையில் வவுனியாவிலிருந்து வந்த ஒருவர், முப்பது வீதம் கொடுத்தால் பணத்தை எடுத்துத் தருவதாகக் கூறி ஒரு பத்திரத்தில் ஒப்பமிடச் சொல்கிறார். அதன் பிரதியை இணைத்துள்ளேன். எனக்கு இரண்டு பிள்ளைகள்.
– வாசகி, பரந்தன்

பதில்: ஒப்பமிட வேண்டாம், சகோதரி. நீங்கள் அனுப்பிய பிரதியை முழுமையாக வாசித்தேன். அது வெறும் தரகுக் கூலி ஒப்பந்தம் அன்று. மீளப்பெற முடியாத அற்றோணித் தத்துவம்; அதாவது, உங்கள் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். தொகை எழுத வேண்டிய இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. பணத்தைத் தன் பெயரில் பெற்றுக்கொள்ளும் அதிகாரமும் அந்த நபருக்கே வழங்கப்படுகிறது. ஏல விலையில் கடன் போக மிஞ்சும் 42 இலட்சத்தில் முப்பது வீதம் என்றால் 12 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா. சட்டம் தானாகவே உங்கள் குடும்பத்துக்கு உரித்தாக்கியிருக்கும் பணத்திலிருந்து இவ்வளவு பெரிய தொகையைக் கொடுக்க எந்த அவசியமும் இல்லை.

வங்கிகள் நீதிமன்றம் செல்லாமல், பணிப்பாளர் சபைத் தீர்மானத்தின் மூலம் ஈட்டுச் சொத்தை விற்பதற்கு இடமளிப்பது, நம் மக்கள் பராட்டே சட்டம் என்று குறிப்பிடும் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டமாகும். விற்பதற்கு அதிகாரம் கொடுத்த அதே சட்டம், கடனையும் ஏலத்துக்கான செலவுகளையும் கழித்த பின் மிஞ்சுவதைக் கடனாளிக்கோ அவர் சார்பில் பெறச் சட்டப்படி உரித்துள்ளவருக்கோ வங்கி செலுத்த வேண்டும் என்றும், யாருக்குச் செலுத்துவது என்பதில் ஐயம் இருந்தால் சொத்து அமைந்துள்ள மாவட்டத்தின் நீதிமன்றத்தில், உங்கள் விடயத்தில் கிளிநொச்சி மாவட்ட நீதிமன்றத்தில், கட்ட வேண்டும் என்றும் கூறுகிறது. ஆகவே, கணக்குக்காரர் இறந்துவிட்டார் என்பது பணத்தைத் தம்மிடமே வைத்திருப்பதற்கு வங்கி சொல்லக்கூடிய காரணம் ஆகாது.

முதலில் ஏலக் கணக்கின் முழு விபரத்தையும் எழுத்தில் கேளுங்கள். கிளை முகாமையாளருக்கும் தலைமை அலுவலகத்தின் கடன் அறவீட்டுப் பிரிவுக்கும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கணக்கு வந்ததும் கழிவுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெரும்பாலான ஏல அறிவித்தல்களின்படி, ஏலத்தில் எடுத்தவரே விலையில் 10 வீதத்தை அன்றே செலுத்துவதுடன், உள்ளூராட்சிச் சபைக்கு 1 வீதம், ஏலக்காரருக்கு 2.5 வீதம், விளம்பரச் செலவு ஆகியவற்றையும் கட்டுகிறார். மீதி 90 வீதத்தைக் கட்ட அவருக்கு வழமையாக 30 நாள் அவகாசம் உண்டு. வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் வந்த ஏல அறிவித்தலைத் தேடி எடுத்து, வாங்கியவர் ஏற்கெனவே கொடுத்த அதே செலவு உங்கள் பணத்திலிருந்தும் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். இதைப் பலர் பார்ப்பதேயில்லை; எனக்கு இது மிகுந்த கவலை தரும் விடயம். ஏல நாள்வரை வட்டி ஏறியிருக்கும் என்பதால் 42 இலட்சமும் அப்படியே வரும் என்று எண்ணியிருக்கவும் வேண்டாம்.

அதே காணியின் மீது வேறு ஈடு ஏதும் பதியப்பட்டிருந்தால் அந்த ஈட்டின் பேரில் கடன் கொடுத்தவருக்கும் இந்தப் பணத்தில் உரிமை எழும். காணிப் பதிவகத்தில் பதிவுகளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது உரித்து. நீங்கள் வடபகுதித் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்களாயின், திருமணத்தின் பின் விலைக்கு வாங்கிய காணி, அந்த விலை சீதனம், முதுசம் போன்ற தனிச் சொத்திலிருந்து வராத பட்சத்தில், தேடியதேட்டம் ஆகும். கணவர் மரணசாதனம் எழுதியிராவிட்டால், அவருக்குரிய தேடியதேட்டத்தில் பாதி உங்களுக்கும் மறுபாதி பிள்ளைகளுக்கும் சேரும். காணிக்குப் பதிலாக வந்த பணம் என்பதால் மிச்சத் தொகையையும் இதே கண்கொண்டே பார்க்க வேண்டும். வங்கி எதிர்பார்ப்பது இந்த உரித்தைக் காட்டும் நீதிமன்ற ஆவணத்தையே. மாவட்ட நீதிமன்றத்தில், இறந்தவரின் சொத்து பற்றிய மரணசாதன வழக்கைத் தாக்கல் செய்து, சொத்தை நிருவகிக்கும் அதிகாரத்தைப் பெற்றால் வங்கியின் ஆட்சேபம் தானாக விலகும். திருமணப் பதிவு, இறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, ஈட்டு உறுதி ஆகியவற்றை இப்போதே சேர்த்து வையுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் கையில் பணம் இல்லையென்றால், கிளிநொச்சியில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குச் செல்லுங்கள்.

கேள்வி: என் தம்பி அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இறந்துவிட்டார். அவருக்கு மனைவி, பிள்ளைகள் இல்லை, பெற்றோரும் இல்லை. வரி கட்டாததால் அவருடைய வீடு விற்கப்பட்டதாகவும் மிச்சப் பணத்தை எடுத்துத் தருவதாகவும் ஒரு நிறுவனம் தொலைபேசியில் கூறுகிறது. அப்படிப் பணம் வருமா?
– வாசகர், ஓமந்தை

பதில்: வரக்கூடும். நீங்கள் குறிப்பிடும் மாநிலத்திலேயே இதற்கான முக்கிய வழக்கு எழுந்தது. ஜெரல்டின் டைலர் என்ற 94 வயது மூதாட்டி, வட்டியும் தண்டமும் சேர்த்து ஏறக்குறைய 15,000 டொலர் வரி கட்ட வேண்டியிருந்தது. ஹென்னபின் கவுண்டி (கவுண்டி என்பது மாநிலத்துக்குள் உள்ள உள்ளூர் நிருவாகப் பிரிவு) அவரது குடியிருப்பை 40,000 டொலருக்கு விற்று, எஞ்சிய 25,000 டொலரையும் தானே எடுத்துக்கொண்டது. 2023 மே 25இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வரிக்கு மேற்பட்ட தொகையை அரசு வைத்துக்கொள்வது அரசியலமைப்புக்கு முரணானது என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தால் அது முதலில் தீரும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

கோரும் முறையும் காலக்கெடுவும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன; சில இடங்களில் கெடு சில மாதங்களே. எனவே வீடு இருந்த கவுண்டியின் பெயரைக் கேட்டறிந்து, அதன் வரி அலுவலகத்துக்கு நீங்களே மின்னஞ்சல் அனுப்பி, விற்ற விலை, வரிப் பாக்கி, எஞ்சிய தொகை, கோருவதற்கான கடைசி நாள் ஆகியவற்றைக் கேளுங்கள். இதற்கு எந்த நிறுவனத்தின் துணையும் தேவையில்லை. அந்த நிறுவனம் அனுப்பும் பத்திரத்தில் உரிமையை மாற்றிக் கொடுப்பதாக ஒரு வரி இருந்தால், கட்டணம் போக மீதி உங்களுக்கு என்று அவர்கள் வாயால் சொன்னாலும், எழுத்தின்படி முழுப் பணமும் அவர்களுடையதாகிவிடும். உடன்பிறந்தவர் என்பதை நிரூபிக்க இருவரின் பிறப்புச் சான்றிதழ்களின் ஆங்கில மொழிபெயர்ப்பும் தம்பியின் இறப்புச் சான்றிதழும் தேவைப்படும். இங்குள்ள ஆவணங்களை வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் மூலம் அத்தாட்சிப்படுத்தும்படி கேட்கப்பட்டால், அதற்காகக் கொழும்புக்குப் போகாமல் யாழ்ப்பாணத்தில் உள்ள அதன் பிராந்திய அலுவலகத்திலேயே செய்துகொள்ளலாம்.