கிளாசிக் ராக்: யாரிடமிருந்து யார் எதை எடுத்தார்கள்? கேள்வி பதில்

கிளாசிக் ராக் கலைஞர்களில் பின்னால் வந்த இசையை அதிகம் மாற்றியது யார் என்று கேட்டுக் குவித்திருக்கிறீர்கள். ஒரே நிபந்தனை. 'எனக்குப் பிடிக்கும்' என்பது தாக்கம் ஆகாது. பின்னால் வந்தவர் எதை எடுத்துக்கொண்டார் என்று தொட்டுக் காட்ட முடியவேண்டும்.

பழைய கேசட்: ஒரே ஒருவரைச் சொல்லச் சொன்னால்?

டோனி ஐயோமி. பிளாக் சபாத் என்ற ஆங்கில ராக் குழுவின் கிடார்காரர்.

1965-ல் பர்மிங்காமில் ஒரு தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வயது 17. வேலையை விடும் கடைசி நாளன்று இயந்திரத்தில் சிக்கி, வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போயின. இடதுகைக்காரர் என்பதால் தந்தியை அழுத்தும் கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்களுக்கு உறை செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். கனத்த தந்தியை அழுத்த முடியவில்லை; மெல்லிய பாஞ்சோ தந்திகளை மாட்டினார். 1971-ல் வந்த மூன்றாவது ஆல்பம் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் சில பாட்டுகளுக்குச் சுருதியையே மூன்று அரைச்சுரம் இறக்கினார். தந்தி தளர்ந்தால் விரலுக்கு நோவு குறையும். பேஸ் கிடாரும் கூடவே இறங்கியது. வலிக்குப் பயந்து இறக்கிய சுருதி ஹெவி மெட்டல் என்ற முழு இசைவகையின் அடித்தளமாகிவிட்டது. பின்னால் வந்த கையஸ், சவுண்ட்கார்டன் குழுக்கள் என்று யாரை எடுத்தாலும் தந்தி தளர்ந்துதான் இருக்கும்.

அதற்கு முன்பே, 1970 பிப்ரவரியில் வந்த முதல் ஆல்பத்தின் முதல் பாட்டில் இன்னொன்றைச் செய்துவிட்டார். மூன்றே ஸ்வரம். நம் கணக்கில் சொன்னால் ஸ, மேல் ஸ, பிறகு கீழே பிரதி மத்யமம். பஞ்சமத்தில் போய் உட்காராமல் அரைச்சுரம் முன்னாலேயே நின்று அதை அதிரவிடுகிறார். கல்யாணி பாடுகிறவருக்கு அந்த ஸ்வரம் அழகு, ஐயோமிக்கு அதுதான் பேய். மெட்டல் பழகும் பிள்ளைகள் இன்றும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள்.

சாயங்கால ரேடியோ: பீட்டில்ஸா, ரோலிங் ஸ்டோன்ஸா?

பீட்டில்ஸ். மெட்டுக்காக இல்லை, ஸ்டூடியோவுக்காக. 1966-ல் 'டுமாரோ நெவர் நோஸ்' பதிவில் ஐந்து டேப் லூப்கள் (முனைகளை ஒட்டி வளையமாக்கிய டேப் துண்டுகள்) ஒரே நேரத்தில் ஓடின. லெனனின் குரலை ஆர்கனுக்கான, உள்ளே சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியே விட்டுப் பிடித்தார்கள். ஒரே வரியை இரண்டு தடவை பாட லெனனுக்கு அலுப்பு. அதனால் கென் டவுன்செண்ட் என்ற இ.எம்.ஐ. பொறியாளர் டேப் இயந்திரத்தையே குரலை இரட்டிக்க வைத்தார். இன்று லேப்டாப்பில் ஒரு பட்டனைத் தட்டிக் குரலைத் தடிக்கவைக்கும் பிள்ளைகள் எல்லாம் அந்த அலுப்புக்கு வாரிசுகள். ஸ்டோன்ஸிடமிருந்து உலகம் எடுத்தது அவர்கள் கிடார்காரர் கீத் ரிச்சர்ட்ஸின் ஐந்து தந்தி ஓபன் ஜி, அதாவது விரல் வைக்காமல் மீட்டினாலே ஜி கார்டு ஒலிக்கும் சுருதி. அதுவும் சின்ன விஷயமில்லை.

நிலா ரசிகன்: பிங்க் ஃபிளாய்டை விட்டுவிட்டீர்களே! அவர்களின் 'டார்க் சைட்' ஆல்பம் எத்தனை வருஷம் பட்டியலில் இருந்தது தெரியுமா?

தெரியும். 1973-லிருந்து 1988 வரை அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் 741 வாரம். கேட்டவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அது சாட்சி. விற்பனையைத் தாக்கம் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள், இதை இன்னும் பலமுறை சொல்லவேண்டிவரும். 1967-ல் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற குழுவின் முதல் ஆல்பம், அட்டையில் வாழைப்பழம் போட்டது, அதே பட்டியலில் அப்போது 171-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. ஆனால் போவி, ஜாய் டிவிஷன், ஆர்.இ.எம். மூவருமே அவர்கள் பாட்டை எடுத்து வாசித்தவர்கள். வாங்கியவர்கள் கொஞ்சம், வாங்கிய கையோடு குழு தொடங்கியவர்கள் ஏராளம்.

அப்பா ஒருவர்: என் பையனுக்கு முதல் கிடார் எது வாங்கலாம்?

கடைக்குப் பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள் சார். இங்கே அது வேண்டாம்.

நடுநிலையாளன்: லெட் ஜெப்பலின் கறுப்பினக் கலைஞர்களின் பாட்டைத் திருடியவர்கள். அவர்களை இந்தப் பட்டியலில் சேர்க்கவே கூடாது.

முதல் வாக்கியத்தில் பெரும்பகுதி சரி. 1969-ல் வந்த 'ஹோல் லாட்டா லவ்' வரிகள் வில்லி டிக்சன் எழுதி 1962-ல் மடி வாட்டர்ஸ் பாடிய பாட்டிலிருந்து வந்தவை. டிக்சன் 1985-ல் வழக்குப் போட்டார், நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடித்தார்கள், இப்போது அவர் பெயரும் இருக்கிறது. ஆனால் வழக்கு என்றாலே திருட்டு என்று முடிவுகட்டாதீர்கள். 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டு வழக்கில் 2016-ல் ஜூரியும் 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஜெப்பலின் பக்கமே நின்றன.

நடுநிலையாளன்: சமாளிக்காதீர்கள். கடன் வாங்கியவன் எப்படிக் கொடுத்தவன் ஆவான்?

ஆவான். 'வென் தி லெவீ பிரேக்ஸ்' எடுத்துக்கொள்ளுங்கள். 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி மெம்ஃபிஸ் மின்னியும் கான்சாஸ் ஜோ மக்காயும் 1929-ல் பதிந்த பாட்டு. 1971-ல் ஜெப்பலின் பாடியபோது மின்னியின் பெயரையும் போட்டார்கள். பாட்டு கடன்தான், டிரம் சத்தம் யாரிடமும் வாங்கியதல்ல.

ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில், மாடிப்படிக்குக் கீழே ஜான் பான்ஹம் டிரம்ஸைப் போட்டு உட்கார்ந்தார். பொறியாளர் ஆண்டி ஜான்ஸ் மேலே மாடிப்படியிலிருந்து இரண்டே மைக்குகளைத் தொங்கவிட்டார். காலால் உதைக்கும் பெரிய டிரம்முக்குக்கூடத் தனி மைக் கிடையாது. வீட்டின் எதிரொலியும் சேர்ந்து பதிவானது. பாட்டு வெறும் டிரம்மோடு தொடங்குகிறது, மேலே வேறு எந்த வாத்தியமும் இல்லை. பழைய பதிவிலிருந்து துண்டு வெட்டிப் புதுப்பாட்டு செய்யும் சாம்ப்ளர்காரனுக்கு வேறென்ன வேண்டும்? 1986-ல் பீஸ்டி பாய்ஸ் என்ற ஹிப் ஹாப் குழு தங்கள் முதல் ஆல்பத்தை அந்த அடியில்தான் தொடங்கினார்கள். 1992-ல் ஹிப் ஹாப்பின் டாக்டர் டிரேயும் எடுத்தார்.

நடுநிலையாளன்: ஆக, திருடனிடமே திருடினார்கள்.

அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது எடுத்தது எதை என்பதுதான்.

தவில்காரர் பேரன்: ஹிப் ஹாப்புக்கு டிரம் கொடுத்தவர் பான்ஹம் மட்டுமா? கிளைட் ஸ்டபில்ஃபீல்டு?

இந்தச் சண்டையில் உருப்படியான ஒரே கேள்வி. ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' 1970-ல் வந்தது. அதில் ஸ்டபில்ஃபீல்டு தனியாக வாசிக்கும் சில நொடிகள் எண்ணற்ற பாட்டுகளில் வெட்டி ஒட்டப்பட்டிருக்கின்றன. பாட்டை எழுதியவராக அவர் பெயர் இல்லாததால் பணம் வேறு பக்கம் போனது. அவர் ராக் கலைஞர் இல்லை, அதனால்தான் என் பட்டியலில் இல்லை. நடுநிலையாளன், உங்கள் கோபத்துக்குப் பொருத்தமான இடம் இது.

அதிகாலைக் குயில்: பீட்டில்ஸ், ஸ்டோன்ஸ், இருவரில் யார்?

மேலே சொல்லியாயிற்று.

கறுப்பு வெள்ளை: எல்விஸ்தானே எல்லாவற்றுக்கும் முதல்?

'முதல்' என்று யாரையும் சொல்லாதீர்கள், பின்னால் இன்னொருவர் நிற்பார். சக் பெர்ரியின் 1958 'ஜானி பி. குட்' தொடக்கத்தைக் கேட்டுவிட்டு, லூயி ஜோர்டன் குழுவில் கார்ல் ஹோகன் 1946-ல் வாசித்ததையும் கேளுங்கள். அச்சு அசல். ஆனாலும் உலகம் கற்றது பெர்ரியிடம்தான். பீச் பாய்ஸின் 'சர்ஃபின் யு.எஸ்.ஏ.' மெட்டே அவருடையது.

மேற்குத் தெரு: ராஜா, ரஹ்மானிடம் ராக் தாக்கம்?

நல்ல பொருள், தனி நாள் வேண்டும். ரஹ்மானே சென்னையில் ராக் குழுவில் இருந்தவர்.

மின்விசிறி: எலெக்ட்ரானிக் இசைக்கும் ராக்குக்கும் சம்பந்தமே இல்லைதானே?

ஜெர்மனியின் டுசல்டார்ஃபைச் சேர்ந்த கிராஃப்ட்வெர்க் என்ற எலெக்ட்ரானிக் குழுவைக் கேளுங்கள். ஜெர்மன் ராக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள். 1977-ல் போட்ட 'டிரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்' மெட்டும் 1981 'நம்பர்ஸ்' தாளமும் 1982-ல் ஹிப் ஹாப் டி.ஜே. ஆஃப்ரிக்கா பாம்பாட்டாவின் 'பிளானட் ராக்'கில் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிப் பிள்ளைகள் அதற்குத்தான் ஆடினார்கள்.

ஒன்பதாம் மேகம்: பீட்டில்ஸ் நல்லவர்களா, ஸ்டோன்ஸ்...

கடையைச் சாத்தியாயிற்று.